மந்திரியின் எண்

அந்த மனநல மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் அவளை 'டெஸ்ட் டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அங்கே யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. கற்றுக்கொடுக்கவே கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. திரை இறக்கிய ஜன்னலோடு ஒரு சின்ன அறை, நடுவில் மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. எதிரில் வந்து உட்காருவது பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளையாக இருந்தாலும் சரி, விபத்தில் தலையில் அடிபட்ட லாரி டிரைவராக இருந்தாலும் சரி, கையேட்டில் அச்சடித்திருப்பதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். பெட்டியைத் திறந்து சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை எடுத்து வைக்க வேண்டும். ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். சரியாகச் சொன்னால் 'சபாஷ்' சொல்லக் கூடாது. தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்து, வந்தவர் போன பிறகு கூட்டிப் பார்த்து, அவருடைய அறிவுக்கு ஒரு எண் போட வேண்டும்.

அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் அதே மையத்தின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். மையத்தை நடத்திய மனநல நிபுணரை எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும்போது, கூட்டலில் இருக்கும் பிழைகளை இவள் கண்டுபிடித்துச் சொல்வதைப் பார்த்துவிட்டு, "மூலையில உக்காந்து தட்டிக்கிட்டே இருந்தா போதுமா? வா, சோதனை நடத்தக் கத்துக்கோ" என்று டாக்டரம்மாதான் இழுத்துவிட்டார். படிப்போடு பயிற்சி. பயிற்சிக்கு ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் சிலரை உட்கார வைத்துச் சோதனை நடத்திப் பழக வேண்டும். எண்ணை மட்டும் அவர்களிடம் மூச்சுவிடக் கூடாது. கத்துக்குட்டி போடும் எண், எண்ணே இல்லை.

"பழகி முடிச்சதும் கிழிச்சுப் போட்டுடு. மனசுல இருந்தும் கிழிச்சுடு" என்றார் டாக்டரம்மா.

முதலில் சிக்கியவர் கணவர்.

கணவர் ஒரு பெரிய மரச்சாமான் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தார். கட்டில் வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும் கடை நடுவில் நின்று சண்டை போட்டால், இவர் இடையில் புகுந்து, ரெண்டு பேச்சுப் பேசி, இருவரையும் சிரிக்க வைத்து, கட்டிலோடு அலமாரியையும் தலையில் கட்டி அனுப்பிவிடுவார். சொந்தத்தில் அவருக்குப் பெயர் மந்திரி. யாருக்கு எந்த வேலை பார்க்கலாம், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், பிரிந்து கிடக்கும் அண்ணன் தம்பியை எப்படி ஒன்றாக உட்கார வைக்கலாம் என்று எதற்கும் அவரிடம்தான் வருவார்கள். அவரும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு வழி சொல்வார். பாதி நேரம் அது பலிக்கும். பலிக்காத பாதியை யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

"என்ன, என் மூளையை நிறுக்கப் போறியா? தராசு தாங்குமா பாத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டேதான் மந்திரி சாப்பாட்டு மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முன்பகல். அடுப்பில் குக்கர். பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கட்டைகளில் அவர் தடுமாறினார். ஸ்டாப்வாட்சின் சத்தம் அவரை என்னவோ செய்தது. "இரு இரு, அதை நிறுத்து" என்றார். நிறுத்தக் கூடாது. எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது குக்கர் விசில் அடித்தது. பிறகு ஒற்றுமை கேட்கும் பகுதி வந்தது.

"பாலமும் படகும் எந்த விதத்துல ஒண்ணு?" என்று அவள் வாசித்தாள்.

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டுக்கும் தண்ணி வேணும். தண்ணி வத்திப்போனா ரெண்டும் வெறும் மரம்" என்றார்.

அவளுக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் தண்ணீரைக் கடக்க உதவுபவை என்று சொன்னால்தான் முழு மதிப்பெண். அவள் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். இப்படியே போயிற்று. மாலையில் தனியாக உட்கார்ந்து, அட்டவணையைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று வந்தது. மறுபடி கூட்டினாள். அதேதான்.

எவ்வளவு என்று மந்திரி கேட்டார். சொல்லக் கூடாது என்றாள். "அவ்வளவு பெரிய எண்ணா? சொன்னா எனக்குக் கொழுப்பு ஏறிடும்னு பயமா?" என்று சிரித்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவள் தாளைக் கிழித்துப் போட்டாள். மனசிலிருந்து கிழிக்க முடியவில்லை. அதற்கப்புறம் மந்திரி யாருக்காவது யோசனை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தொண்ணூற்று மூன்று அவள் கண்முன் வந்து நிற்கும். இத்தனை நாளாக இவரை எப்படி இவ்வளவு பெரிய ஆளாக நினைத்தோம் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதே பாவம் என்றும் தோன்றும். முதல் நினைப்புத்தான் அடிக்கடி ஜெயித்தது.

படிப்பை முடித்து அவள் டெஸ்ட் டீச்சர் ஆனாள். வேலையில் கை தேர்ந்தது. ஒரு நாள் டாக்டரம்மாவிடம் கேட்டாள், "இவ்வளவு பேருக்கு எண் போடறோமே, அறிவுன்னா என்னன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"பத்து நிபுணர்களைக் கேட்டா பதினோரு விளக்கம் சொல்லுவாங்க. புதுசா ஒண்ணைக் கத்துக்கிற திறமைம்பான் ஒருத்தன். சூழலுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிறதும்பான் இன்னொருத்தன். எல்லாத் திறமைக்கும் அடியில ஒரே சரக்குதான் ஓடுதும்பாங்க சிலர். இல்லவே இல்ல, தனித்தனின்னு மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. கடைசியில, சோதனை எதை அளக்குதோ அதுக்குப் பேருதான் அறிவுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க" என்றார் டாக்டரம்மா. "பள்ளிக்கூடத்துல யாரு திணறுவாங்கன்னு ஓரளவு சொல்லலாம். அடிபட்ட மூளை எவ்வளவு தேறியிருக்குன்னு சொல்லலாம். அதுக்கு மேல இந்த எண்ணை இழுத்தா அறுந்துடும்."

அவள் தலையாட்டினாள். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய விஷயம்தானே.

நடக்கக் கூடாதது நடந்தது மந்திரியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்த ஒரு விடுமுறை நாளில். சாப்பாடு முடிந்து முன்னறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மந்திரிக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் போதும். கடைக் கதை, ஊர்க் கதை எல்லாம் முடிந்து, பேச்சு மெல்ல அவளிடம் வந்தது.

"என் பெண்டாட்டி என்ன வேலை பாக்கிறா தெரியுமில்ல? துணிக்கடைக்காரன் முழம் போடற மாதிரி, வர்றவன் மண்டையை முழம் போட்டு அனுப்பறா. கட்டை வெச்சு விளையாடறதுக்குச் சம்பளம். வீட்டுல சாவியை எங்க வெச்சோம்னு தெரியாது, ஊரான் அறிவை அளக்கக் கிளம்பிட்டா!"

சிரிப்பு. தம்பி மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது. இதற்கு முன்னாலும் அவர் கிண்டல் செய்ததுண்டு. அன்று ஏனோ சுருக்கென்றது.

"உங்களுதும் எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"உங்க எண்."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணனுக்கு டெஸ்ட் வெச்சீங்களா அண்ணி? எவ்வளவு, எவ்வளவு? சொல்லுங்க!"

"சொல்லேன். நான் என்ன பயந்தவனா?" என்றார் மந்திரி. காலை நீட்டி, சாய்ந்து, புது நாற்காலியை வாடிக்கையாளருக்குக் காட்டும்போது உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்.

"தொண்ணூத்தி மூணு."

தம்பி கைதட்டினான். "அடேயப்பா! நூத்துக்குத் தொண்ணூத்தி மூணா? மந்திரின்னா சும்மாவா!" எல்லாரும் கைதட்டினார்கள். மந்திரியின் முகம் மலர்ந்தது. "மிச்ச ஏழு எங்க போச்சுன்னு கேளு. எல்லாம் குக்கர் விசிலுக்குப் போச்சு" என்றார்.

அங்கே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அது ஒரு சந்தோஷமான சாயங்காலமாக முடிந்து, அந்த எண்ணும் ஒரு வேடிக்கையாகவே வீட்டில் வளர்ந்திருக்கும். பின்னாளில் அவள் எத்தனையோ முறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறாள். ஆனால் அன்று மூடவில்லை.

"நூத்துக்கு இல்ல. நூறுங்கிறது நடுவுல இருக்கிறவங்களோட எண். இது அதுக்குக் கீழ" என்றாள். பெற்றோரிடம் விளக்கும்போது வருகிற அதே நிதானமான குரல்.

தம்பியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தம்பி மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். மகள் மட்டும் அப்பாவின் மடியில் இருந்தபடி, "அப்படின்னா அப்பா ஃபெயிலா?" என்று கேட்டாள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த பிள்ளை.

மந்திரி சிரித்தார். அன்று சிரித்த அந்தச் சிரிப்பு பிறகு அவர் முகத்தை விட்டுப் போகவே இல்லை.

அன்று மாலையே அவள் சமாதானம் சொல்லப் பார்த்தாள். "இதெல்லாம் துல்லியமான கணக்கு இல்லீங்க. எப்பவும் முன்னே பின்னே இருக்கும். தொண்ணூத்தி மூணுன்னா எண்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்தெட்டு வரைக்கும் எது வேணா இருக்கலாம். தொண்ணூறுல இருந்து நூத்திப்பத்து வரைக்கும் சராசரிதான். உலகத்துல பாதிப் பேர் அந்தக் கட்டத்துக்குள்ளதான் இருக்காங்க."

"அப்போ எண்பத்தெட்டாகூட இருக்கலாம்" என்றார் மந்திரி.

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. அந்த எண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு எந்த வண்ணம் அடிக்கலாம் என்று அவள் கேட்டால், "நூறுக்கு மேல இருக்கிறவங்களைக் கேளு" என்பார். மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்தால், "அம்மாகிட்ட போடா கண்ணு. அப்பா நடுவுக்குக் கீழ" என்பார். பிள்ளையும் அதை மழை, வெயில் மாதிரி ஒரு சாதாரண விஷயமாக எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வரும். கடையில் புதுக் கிளை ஒன்று திறந்து அதற்கு அவரை மேலாளராகப் போடுவதாக முதலாளி சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குக் கீழே வேலை பழகியவன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"ஏங்க வேண்டாம்னு சொன்னீங்க?"

"நாலு பேரை வெச்சு மேய்க்கிற வேலை. அதுக்கெல்லாம் மூளை வேணும்."

"உங்களுக்கு இல்லாத மூளையா?"

"நீதானே அளந்தே?"

சொந்தக்காரர்கள் யோசனை கேட்டு வருவதும் குறைந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அண்ணனுக்குத் தகவல் வந்தது. மந்திரி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு அதைச் சொல்லும்போது குரலில் இருந்த மரியாதை உதிர்ந்து, இப்போது ஒரு கேலி தொற்றியிருந்தது. தன் காதில் மட்டும்தான் அப்படி விழுகிறதோ என்றும் அவளுக்குச் சந்தேகம்.

வருஷங்கள் போயின. மையத்தில் டாக்டரம்மாவுக்கு அடுத்து அவள்தான் என்றாயிற்று. புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. ஒரு நாள், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி சோதனை நடத்துவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்தவர் ஒரு கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னார். மாணவி பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். சோதனை முடிந்ததும் டெஸ்ட் டீச்சர் அவளை நிறுத்திவைத்துச் சொன்னாள்:

"இந்த மாதிரிப் பதிலுக்கு நேரா பூஜ்யம் போடக் கூடாதும்மா. கையேட்டுல பக்கத்துலயே குறி போட்டிருக்கு பார். 'இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க'ன்னு கேக்கணும். கேட்டா பாதிப் பேர் சரியாச் சொல்லிடுவாங்க. அவங்களுக்குத் தெரியாம இல்ல, நீ கேக்கல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் மந்திரியை அவள் அப்படிக் கேட்கவில்லை. குறி போட்ட பதில்கள் எத்தனை வந்தன, எத்தனைக்கு இப்படித் தாண்டிப் போனோம் என்று இப்போது யார் சொல்ல முடியும்? ஸ்டாப்வாட்சையும் அவள் அன்று 'ஆரம்பிங்க' என்று சொல்வதற்கு முன்பே அழுத்திக்கொண்டிருந்தாள். குக்கர் வேறு. கட்டின பெண்டாட்டி வேறு எதிரில். அந்தச் சோதனையை வேறு யாராவது நடத்தித் தன் மேசைக்கு அனுப்பியிருந்தால், செல்லாது என்று எழுதித் திருப்பியிருப்பாள்.

எண்ணை வீட்டில் சொன்னது உட்பட டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அது தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு? சரியாவே நடத்தியிருந்தாலும் அதை வீட்டுல வெச்சுச் சொல்லியிருக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். தான் கேட்காமல் விட்டதை, நேரத்தைத் தப்பாகப் பிடித்ததை, அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பதை. மந்திரி கத்தரிக்கோலால் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

"இப்ப எவ்வளவு போட்டுத் தரப் போறே? நூறா? நூத்தியஞ்சா?"

"அப்படி இல்லீங்க. நிஜமாவே தப்பு. இன்னொருத்தரை வெச்சு ஒழுங்கா மறுபடி..."

"கடையில நானும் இதைத்தான் செய்யறேன். உடைஞ்சுபோன சோபாவைத் தள்ளிவிட முடியலேன்னா, புதுத் துணி போட்டு வாசல்ல வெப்பேன். பாக்க நல்லாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும் உள்ள என்ன இருக்குன்னு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நீ அன்னைக்குக் கோவத்துல சொன்னது உண்மை. இன்னைக்குப் பாவம் பாத்து சொல்றது பொய். இதுகூடப் புரியாத அளவுக்கு நான் மட்டம் இல்ல."

அழுதால் அதையும் பாவம் பார்ப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார். அவள் அழாமல் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். மந்திரி கடையிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டில் இரண்டு பேர், அளவான பேச்சு. அப்படி இருக்கும்போதுதான், அவள் முன்பு பயிற்சி கொடுத்த அந்த மாணவியை ஒரு கூட்டத்தில் பார்த்தாள். மாணவி இப்போது ஊரின் மறுகோடியில் சொந்தமாக மையம் வைத்திருந்தாள்.

"சார் சௌக்கியமா டீச்சர்? என்ன ஒரு பேச்சு! ரெண்டு மணி நேரம் போனதே தெரியல..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவர் உன்கிட்ட வந்தாரா?"

மாணவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சோதனை எழுதினாரா? எவ்வளவு வந்துது?"

"டீச்சர், நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. வந்தவங்க சம்மதம் இல்லாம யார்கிட்டயும் சொல்லக் கூடாது, கட்டின பெண்டாட்டியா இருந்தாலும் சொல்லக் கூடாதுன்னு. சார்கிட்ட கேட்டேன். உங்ககிட்ட வேண்டாம்னுட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று கேட்டாள். மந்திரி மறைக்கவில்லை. "ஆமா, போனேன்" என்றார்.

"எவ்வளவு?"

அவர் அவளையே பார்த்தார். "எனக்கு நெஞ்சுல வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அன்னைக்குக்கூட வாசல்லயே நிறுத்தி நீ கேக்கல. உள்ள வந்து உக்காந்த பிறகுதான் கேட்டே."

"சொல்லுங்களேன். எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல."

"எவ்வளவா இருந்தாலும் பரவாயில்லேன்னா எதுக்குத் தெரியணும்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. அவளால் விடவும் முடியவில்லை. அவர் குறுக்கெழுத்தை மளமளவென்று முடித்தால், நூற்றுப் பதினைந்து இருக்குமோ என்று நினைப்பாள். குழாயை மூட மறந்தால், இல்லை, அதே தொண்ணூற்று மூன்றுதான் என்று நினைப்பாள். முப்பது வருஷம் வேலையில் கல்லாக வைத்திருந்த முகம் இப்போது அவளைக் காட்டிக்கொடுத்தது. அவள் பார்ப்பதை அவர் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் குழாயை மூடிவிட்டுப் போவார்.

கடைசியில் ஒரு நாள் காலையில் மகளுக்கு ஃபோன் செய்தாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"தெரியும்மா. அப்பா என்கிட்ட சொன்னாரு" என்றாள் மகள்.

"போனதைச் சொன்னாரா?"

"எண்ணையும் சொன்னாரு."

"எவ்வளவு?"

"உன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"கூடவா, குறைச்சலா? அதையாவது சொல்லு."

"அப்பா டெஸ்டுக்கு எதுக்குப் போனாரு, அந்த வயசுல தனியா பஸ் ஏறிப் போய் உக்காந்திருந்தப்போ அவருக்கு எப்படி இருந்துச்சு, இதெல்லாம் நீ கேப்பேன்னு நெனச்சேம்மா. நீ இன்னும் எவ்வளவுன்னுதான் கேக்கறே."

"நீயும் அவர் பக்கம் சேந்துட்டே."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சும்மா. வைக்கிறேன்."

ஃபோனை வைத்தாள். உள்ளறையிலிருந்து மந்திரி கேட்டார், "யாரு ஃபோன்ல?"

"உங்க பொண்ணு."

"போன வாரம் காய்ச்சல்னு சொன்னாளே. எப்படி இருக்காளாம் இப்ப?"

காய்ச்சல் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"நல்லா இருக்காளாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.